மினி காரின் எஞ்சினை 1/24இல் செய்ய நம்பகமான படங்கள் எங்கே கிடைக்கும்?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மூன்று வருடமாக இங்கே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன், முதல் தடவையாக ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தன் மோரிஸ் மினியை மாமாவிடம் விற்றுவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்துக்கே அதுதான் முதல் கார். நான் பிறப்பதற்கு முன்பே அது போய்விட்டது, ஆனால் அதைப் பற்றிய கதைகளைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். மாமாவுக்கு இந்த வருடக் கடைசியில் 80 வயது நிறைகிறது, அந்தக் காரைச் சின்னதாகச் செய்து கொடுக்கலாம் என்று ஆசை.

1/24 (நிஜ அளவில் 24இல் ஒரு பங்கு) மினி கூப்பர் எஸ் 1275 மாடல் கிட் வாங்கிவிட்டேன். வெளிப்புறத்தைப் பற்றிப் பயமில்லை, பெயின்ட் அடித்துப் பழக்கம் உண்டு. சிக்கல் எஞ்சின்தான். மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பானெட்டைத் தூக்கிவைத்து எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாராம், அதனால் பானெட் திறந்தபடி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கிட்டில் எஞ்சின் இருக்கிறது, ஆனால் ஒரு ஒயர் கிடையாது, ஒரு ஹோஸ் கிடையாது, மொட்டையாக இருக்கிறது.

இணையத்தில் தேடினால் படங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன, பிரச்சினையே அதுதான். ஒன்றில் எஞ்சின் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் குரோம் பளபளக்கிறது, ஒன்றில் நீல நிற ஹோஸ். ஒயர்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் ஓடுகின்றன. எதை நம்புவது? நீங்கள் எல்லாம் ரெஃபரன்ஸ் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? புத்தகமா, கையேடா, அல்லது இங்கேயே யாராவது மினி வைத்திருப்பவரைப் பிடித்துக் கெஞ்ச வேண்டுமா?

கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சாங்கி கடற்கரை, மாமா காரின் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறார், பக்கத்தில் மாமி. பானெட் பக்கம் படத்திலேயே இல்லை.


பழைய ஸ்பேனர்:

தம்பி, நீங்கள் தேட ஆரம்பித்த வரிசை தலைகீழ். படம் தேடுவதற்கு முன்னால் எந்தக் கார் என்று முடிவு செய்யுங்கள். "மினி" என்று ஒரு கார் கிடையாது. 1959இலிருந்து 2000 வரை செய்தார்கள், உள்ளே நிறைய மாறிவிட்டது. 1967 அக்டோபருக்கு முந்தியது மார்க் 1, பிந்தியது மார்க் 2. சாதா மினி 848 சிசி, வேக வகையான கூப்பர் வேறு, அதற்கும் மேலான கூப்பர் எஸ் வேறு. உங்கள் கிட் கூப்பர் எஸ். மாமாவின் காரும் அதுதான் என்று யார் சொன்னது? கடற்படை ஆள் விற்ற கார் என்றால் சாதா மினியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்தச் சாங்கி படத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின் விளக்கு சின்னதாக முட்டை வடிவில் இருந்தால் மார்க் 1, பெரிதாகச் சதுரமாக இருந்தால் மார்க் 2. மார்க் 2இல் பின் கண்ணாடியும் அகலம். சக்கரத்தில் சுற்றிலும் ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள், கூப்பர் எஸ்ஸில் டிஸ்க் பிரேக்குக்குக் காற்றுப் போவதற்காக இருக்கும், சாதாவில் தட்டையாக இருக்கும். பெட்ரோல் மூடி இடது பக்கம் எல்லா மினிக்கும் உண்டு. வலது பக்கமும் ஒன்று இருந்தால் இரட்டை டாங்க், எஸ் வகை. ஆனால் வலது பக்கம் இல்லை என்பதை மட்டும் வைத்து எஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரட்டை டாங்க் 1966இலிருந்துதான் எல்லா எஸ்ஸுக்கும் வந்தது. பூட் மூடியில் பேட்ஜ் தெரிந்தால் இத்தனை ஆராய்ச்சியே தேவையில்லை.

சரி, கார் எது என்று தெரிந்த பிறகு இரண்டு புத்தகம் போதும். ஒன்று ஒர்க்‌ஷாப் மேனுவல், இன்னொன்று பார்ட்ஸ் கேட்டலாக். நிறையப் பேர் மேனுவலோடு நின்றுவிடுவார்கள். மேனுவல் எப்படிக் கழற்றுவது என்று சொல்லும், ஆனால் ஒரு பாகம் முழுசாக எப்படி இருக்கும், எத்தனை போல்ட், எந்தப் பக்கம் பிராக்கெட் என்பதெல்லாம் கேட்டலாக்கில் பிரித்துப் போட்ட படங்களில்தான் தெரியும். மாடல் செய்கிறவனுக்கு அந்தப் படங்கள் தங்கம், ஏனென்றால் போட்டோவில் ஒளிந்திருக்கிற முதுகுப்பக்கம்கூட அதில் வரைந்திருக்கும். ஹேன்ஸ் கையேடும் நல்லதுதான், அவர்கள் ஒரு காரை நிஜமாகவே பிரித்துப் பூட்டிப் படம் எடுத்துப் போட்டவர்கள். படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், ஆனால் கிட்டே எடுத்தது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். நான் 40 வருடம் பட்டறையில் இருந்தவன், ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் டைனமோவை, அதாவது பேட்டரிக்கு மின்சாரம் தரும் பாகத்தைத் தேடுவேன். அந்தக் காலத்து மினியில் நீளமான உருளை மாதிரி லூக்காஸ் டைனமோ இருக்கும். அந்த இடத்தில் காற்றுப் போக ஜன்னல் வைத்த குட்டையான ஆல்டர்னேட்டர் இருந்தால் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள், அப்புறம் அந்தப் படத்தில் ஒயரிங் எதையும் நம்பக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கவாட்டிலிருந்து ஒரு ஒயருக்குப் பதில் இரண்டு வந்தால் எலெக்ட்ரானிக் இக்னிஷன், அதுவும் புதுசு. நீல ஹோஸ், குரோம் ராக்கர் கவர் (எஞ்சினின் மேல்மூடி), எஃகு வலை போட்ட பைப், சிவப்பு பிளக் ஒயர் எல்லாம் ஷோவுக்கு வைத்தவை. அந்தக் காலத்து பிளக் ஒயர் கறுப்பு, ஹோஸ் கறுப்பு, எஞ்சின் பச்சை, அந்தப் பச்சைக்கு மேல் எண்ணெய்.

இன்னொன்று, கண்ணாடி மாதிரி இடம் வலம் திருப்பிப் போட்ட படங்களும் உலாவுகின்றன. மினியில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும், ரேடியேட்டர் முன்னால் கிடையாது, இடது சக்கரத்துப் பக்கம் இருக்கும். காருக்கு முன்னால் நின்று பார்க்கிற உங்களுக்கு அது வலது கைப் பக்கம். அப்படி இல்லையென்றால் படம் திரும்பியிருக்கிறது. முதல் சிலிண்டர் ரேடியேட்டரை ஒட்டியது, அங்கிருந்து 1, 2, 3, 4. பற்றும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்று. இதை வைத்து ஒயரைப் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

பேட்டரியை எஞ்சின் பக்கம் தேடாதீர்கள், அது பூட்டில் இருக்கும். 1969க்கு முந்தியது என்றால் பாஸிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும், இன்றைய காருக்கு நேர்மாறு.


கடைசி பெஞ்ச்:

பானெட்டை ஒட்டிவிட்டால் ஒரு நாள் வேலை. மாமாவுக்கு 80 வயது என்கிறீர்கள், 0.3 மில்லிமீட்டர் ஒயரைப் பார்க்க அவருக்கே லென்ஸ் வேண்டும். (அடிக்க வராதீர்கள், நானும் இதே பைத்தியம்தான், டாய்லெட் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்த ஒரு டிரக்கின் பிரேக் பைப் வரைபடத்தை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.)


பசைக்கை:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரெஃபரன்ஸ் சேர்க்கிறதில் ஒரு போதை இருக்கிறது, 600 படம் இறக்கிவைத்துவிட்டு ஒரு ஒயர்கூடப் போடாதவர்களை எனக்குத் தெரியும் (ஒருவரை ரொம்ப நன்றாகவே தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்). அதனால் முதலில் எஞ்சினை ஒட்டாமல் சும்மா வைத்து, பாடியை மேலே மூடி, பானெட் இடைவெளி வழியாகக் கைத்தொலைபேசியில் நான்கைந்து படம் எடுங்கள். அதில் எது தெரிகிறதோ அதற்கு மட்டும் ரெஃபரன்ஸ் தேடுங்கள். மினியில் கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இரண்டுமே எஞ்சினுக்குப் பின்னால், டிரைவர் உட்காரும் அறையின் முன் சுவரைப் பார்த்தபடி இருக்கும், ஏர் கிளீனரின் மேல்பாகம் தவிர ஒன்றும் கண்ணில் படாது. முன்னால் தெரிவது பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஃபேன் பெல்ட், ரேடியேட்டரின் மேல் ஹோஸ். உங்கள் உழைப்பில் முக்கால்வாசி அங்கே போகட்டும்.

அளவு விஷயத்தில்தான் நிறைய மாடல்கள் கெட்டுப்போகின்றன. ஒயர் தடிமனாகிவிட்டால் எஞ்சின் மேல் நூடுல்ஸ் கொட்டினது போல இருக்கும். கணக்கு எளிது, நிஜ அளவை 24ஆல் வகுங்கள். பிளக் ஒயர் 7 மில்லிமீட்டர், வகுத்தால் 0.29. பிரேக் பைப் 4.76, வகுத்தால் 0.2. ரேடியேட்டர் ஹோஸின் வெளி விட்டம் சுமார் 40 என்று வைத்தால் 1.67 வரும், ஹீட்டர் ஹோஸ் 0.8. படத்திலிருந்து அளக்க வேண்டுமென்றால் அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருக்க வேண்டும். அந்த டைனமோவின் பெயர் சி40, அந்த 40 சும்மா வைத்ததில்லை, விட்டம் 4 அங்குலம். ஸ்பார்க் பிளக்கின் அறுகோணம் 13/16 அங்குலம், அதாவது 20.6 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் வைத்தே பக்கத்தில் இருக்கிற மற்றதையெல்லாம் ஊகித்துவிடலாம், ஆனால் நேர் எதிரே நின்று எடுத்த படமாகப் பாருங்கள், சாய்ந்து எடுத்ததில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேட்டலாக் படம் கிடைத்ததும் நான் செய்வது இதுதான். கிட்டின் ராக்கர் கவரை அளப்பேன், படத்தில் உள்ள ராக்கர் கவர் அதே நீளம் வரும்வரை ஜெராக்ஸில் சுருக்குவேன். பிறகு அந்தத் தாளை மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டு அதன் மேலேயே கம்பியை வளைத்துப் பார்ப்பது. பிரிண்ட் செய்ய 20 காசு, மிச்சப்படுத்துகிற நேரம் ஒரு வாரம்.

கம்பிக்கு மாடல் கடையில் காசைக் கொட்ட வேண்டாம். சிம் லிம் டவரில் மோட்டாருக்குச் சுற்றுகிற எனாமல் செம்புக் கம்பி கிடைக்கும், 0.3 கேளுங்கள், கறுப்பு அடித்தால் பிளக் ஒயர் தயார். ஹோஸுக்கு சால்டரிங் ஈயக் கம்பி, 0.8 ஹீட்டருக்கு, ரேடியேட்டருக்கு 1.6 தேடுங்கள். வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும், செம்பு மாதிரி துள்ளாது. ஃபேன் பெல்டுக்குத் தேக்கா மாடியில் தையல் கடைகளில் விற்கிற மெல்லிய கறுப்பு எலாஸ்டிக் நூலை முயன்று பார்த்திருக்கிறேன், பரவாயில்லை, ஆனால் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியும், மேலே ஒரு கை பசை தடவித்தான் அடக்கினேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஐந்து துளை போட வேண்டும், நான்கு பிளக்குக்கு, நடுவில் ஒன்று காயிலுக்கு (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்). 0.3 டிரில், கையால் திருகுங்கள், மெஷினில் போட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். எஞ்சினில் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நான் ஒட்டிய பிறகு போட்டேன், மூடி தெறித்துத் தரையில் விழுந்தது, மூன்று நாள் தேடினேன், இன்று வரை கிடைக்கவில்லை.


ஈசூன்வாசி:

பதில்களைப் படித்துவிட்டு நேற்று இரவு படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பேனர் அண்ணே, நீங்கள் சொன்னதுதான் நடந்தது. பின் விளக்கு சின்னது, முட்டை வடிவம், ஆகவே மார்க் 1. சக்கரத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வலது பக்கம் பெட்ரோல் மூடி இல்லை. பூட் பேட்ஜை மாமியின் சேலைத் தலைப்பு மறைத்துவிட்டது, ஐம்பது வருடத்துக்கு முந்திய காற்றின் மேல் கோபம் கோபமாக வருகிறது.

அப்படியென்றால் நான் வாங்கியது தப்பான கிட்டா? இதில் இரண்டு கார்புரேட்டர் இருக்கிறது. 60 வெள்ளிக்கு மேல் கொடுத்தேன், பாடிக்குப் பிரைமரும் அடித்தாகிவிட்டது. இனி சாதா மினி கிட்டைத் தேடுவதா, இதையே மாற்றுவதா?

மாடலை ரகசியமாக வைத்திருப்பதால் மாமாவிடம் நேராகக் கேட்கவும் முடியவில்லை.


நூலகப் பூச்சி:

தம்பி, நான் மாடல் செய்கிறவள் இல்லை, என் மகன் செய்கிறான், ரெஃபரன்ஸ் தேடித் தருவது மட்டும் என் துறை. தேடுவதில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

விக்டோரியா தெருவில் தேசிய நூலகம் இருக்கிறதே, அங்கே 7ஆம் மாடியிலிருந்து 13ஆம் மாடி வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். அங்குள்ளவற்றை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், ஆனால் பட்டியலை வீட்டிலிருந்தே தேடிவிட்டுப் போகலாம். கார் பெயரை மட்டும் போட்டுத் தேடாமல், தயாரித்த கம்பெனியின் பெயர், எஞ்சின் பெயர் எல்லாம் போட்டுப் பாருங்கள். மினிக்கு எஞ்சின் பெயர் ஏ சீரிஸ், அதே எஞ்சினை மோரிஸ் மைனரிலும் ஆஸ்டின் ஏ35இலும் போட்டிருக்கிறார்கள், ஆகவே மினி புத்தகத்தில் தெளிவாக இல்லாத படம் மைனர் புத்தகத்தில் இருக்கலாம். ஆனால் மைனரில் எஞ்சின் நெடுக்காக உட்காரும், கியர்பாக்ஸ் பின்னால் இருக்கும், மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே, ஒரே எண்ணெயில். எனவே மேல்பாதிக்கு மட்டும் மைனரைப் பார்க்கலாம்.

பழைய செய்தித்தாள்கள் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இலவசம். எஞ்சின் படம் அதில் கிடைக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 1960களின் விளம்பரங்களைப் பார்த்தால் அந்த வருடம் இங்கே எந்த வகை விற்றது, கூடுதலாக என்ன கொடுத்தார்கள் என்று பிடிபடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களும் இணையத்தில் உண்டு. 1961இலிருந்து 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ ஓடியதே, அந்தப் படங்களில் மினி கிடைத்தால் பாருங்கள், ஆனால் பந்தயக் காரை வைத்து மாமா காரைச் செய்துவிடாதீர்கள்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளுக்கும் ஒரு நடை போங்கள். என் மகனுக்கு ஒரு மேனுவல் அங்கேதான் கிடைத்தது, பக்கமெல்லாம் கிரீஸ் விரல் ரேகை. அவனுக்கு அந்தக் கிரீஸ்தான் பிடித்தது, எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ அந்தப் பாகம்தான் அடிக்கடி கெட்டுப்போகும் என்று சொல்லிச் சிரிப்பான்.

இணையத்தில் தேடும்போது "அழகான மினி" வேண்டாம், "விற்பனைக்கு", "கொட்டகையில் கிடந்தது", "புதுப்பிக்காதது" என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். ஏலத்துக்கு வருகிற கார்களை வாங்குகிறவர் சந்தேகப்படக் கூடாது என்று ஐம்பது அறுபது படம் போடுவார்கள், அடிப்பாகம், துரு, ஒயர் முடிச்சு உட்பட. ஒரே காரை எல்லாப் பக்கமும் பார்க்கலாம், அதுதான் முக்கியம். பத்துக் காரிலிருந்து பத்துப் படம் எடுத்துச் சேர்த்தால் உலகத்தில் இல்லாத பதினொன்றாவது கார் ஒன்று உருவாகும்.

இங்கே நிஜ மினி பார்க்க வேண்டுமென்றால் சிரமம்தான், சிஓஇ (காரைப் பத்து வருடம் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமம்) இருக்கிற ஊரில் பத்து வருடக் காரே கிழவன். ஆனால் 35 வயது தாண்டிய கார்களுக்கு கிளாசிக் திட்டம் உண்டு, வருடத்தில் 45 நாள் வெளியே எடுக்கலாம். ஞாயிறு காலையில் எங்காவது நான்கைந்து சேர்ந்து நிற்கும். ஓட்டுநர் காப்பி குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து, "என் மாமாவிடம் இதே கார் இருந்தது" என்று ஆரம்பியுங்கள். பானெட்டைத் திறக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. படம் எடுக்கும்போது ஒரு சின்ன ஸ்கேலை ஓரமாகப் பிடித்து எடுங்கள், பெயின்ட் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, மாமாவிடம் கேட்க முடியாது என்கிறீர்கள். மாடலைப் பற்றித்தானே சொல்லக் கூடாது? காரைப் பற்றிக் கேட்கலாமே. பழைய காரைப் பற்றி யாராவது கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று எந்த மாமாவும் விசாரித்ததில்லை.


பழைய ஸ்பேனர்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தம்பி, "கார்புரேட்டர் ஒன்றா இரண்டா" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு எஸ்யு கார்புரேட்டரை ஒரே சீராக டியூன் செய்தவன் சாகும்வரை அதை மறக்கமாட்டான், ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு பக்கமும் சீறல் ஒன்றாக வருகிறதா என்று மணிக்கணக்கில் கேட்டிருப்பான். ஒன்று என்றால் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். சாதா மினியும் அதே ஏ சீரிஸ்தான், முன்பக்கம் நின்று பார்த்தால் பிளாக், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. மாற்ற வேண்டியவை சொல்கிறேன். ஒரு கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெரிய ஏர் கிளீனர் பெட்டிக்குப் பதிலாக வட்டமான தட்டு மாதிரி ஒன்று வையுங்கள், ராக்கர் கவருக்குப் பின்னால் அது மட்டும் எட்டிப் பார்க்கும். பிரேக் சர்வோ (பிரேக்கை அழுத்த உதவும் பாகம்) கிடையாது. கிட்டில் கிரில்லுக்குப் பின்னால் ஆயில் கூலர் கொடுத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சக்கரத்தின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், உள்ளே முன் பிரேக் டிஸ்க் இல்லை, டிரம். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் இரண்டு வட்டமான டப்பா டிரைவருக்கு முன்னால் சுவரில் நிற்கும், நம் ஊர் கார் என்பதால் வலது பக்கம். இடது பக்க ஸ்டியரிங் கார் படத்தைப் பார்த்து அந்தப் பக்கம் வைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் விழுகிற குழி அது.

ஹீட்டர் ஹோஸ் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் ஹீட்டர் இருந்திருக்கும், சிங்கப்பூரில் அதை எதற்கு வைத்திருப்பான்? நான் அந்த நாளில் கழற்றி வாய் அடைத்ததற்குக் கணக்கே இல்லை. மேனுவலில் இருக்கும், காரில் இருக்காது. இதையும் மாமாதான் சொல்ல வேண்டும்.

ஒயர் நிறம் வேண்டுமென்றால் லூக்காஸ் முறை இது: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு, பச்சை ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு எர்த். 1/24இல் இதெல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்து அழுக்குக் கறுப்பாகத்தான் தெரியும், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.


ஈசூன்வாசி:

நேற்றுத் தோ பாயோ போய்விட்டு வந்தேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன், இரண்டரை மணி நேரம் பேசினார். மாமி இரண்டு தடவை தேநீர் சூடாக்கினார்.

கார்புரேட்டர் ஒன்று. ஹீட்டர் இருந்தது, வாங்கிய மாதமே ஹோஸைப் பிடுங்கிவிட்டாராம். எஞ்சின் பச்சை, "பச்சை என்று காகிதத்தில் இருந்தது, எனக்குத் தெரிந்தது எண்ணெய்தான்" என்றார். ராக்கர் கவரின் எண்ணெய் மூடி தொலைந்துபோய், மைலோ டின் மூடியை வெட்டிச் சில மாதம் ஓட்டினாராம். இதெல்லாம் எந்தக் கேட்டலாக்கில் இருக்கப்போகிறது.

அப்புறம் ஒன்று சொன்னார், அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். மழை வந்தால் வண்டி நின்றுவிடுமாம். கிரில் வழியாகத் தண்ணீர் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும், டிசம்பர் மழையில் புக்கிட் தீமா சாலையில் நின்று நின்று அலுத்துப்போய், மாமியின் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிட்டாராம். விரல் நுனிகளை வெட்டி அது வழியாக ஒயர்கள் வெளியே. கதை விடுகிறாரா, நிஜமாகவே செய்வார்களா?


பழைய ஸ்பேனர்:

கதையே இல்லை தம்பி, மினி வைத்திருந்த பாதிப் பேர் செய்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பதால் பிறவியிலேயே வந்த நோய் அது. கணக்கும் சரியாக வரும் பாருங்கள், நான்கு பிளக் ஒயர், ஒரு காயில் ஒயர், கைக்கு ஐந்து விரல். மணிக்கட்டுப் பக்கத்தை மூடிக்குக் கீழே இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவோம். உங்கள் மாமா என் இனம்.


பசைக்கை:

அப்படியென்றால் மூடியில் துளை போடும் வேலையே மிச்சம்! அந்தக் கையுறையை இப்படிச் செய்து பாருங்கள்: ஒயர்களை மூடியில் ஒட்டிய பிறகு வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, மெல்லிய டிஷ்யூ துணுக்கை அதில் நனைத்து மூடியின் மேல் போர்த்துங்கள். காய்வதற்கு முன் ஊசியால் ஒயரைச் சுற்றி விரல் மாதிரி மேலே இழுத்துவிடுங்கள், சுருக்கம் தானாக விழும். காய்ந்ததும் பெயின்ட், பளபளப்பு வேண்டாம். ரப்பர் பேண்டுக்கு 0.2 கம்பி ஒரு சுற்று. கையுறை என்ன நிறம்?


ஈசூன்வாசி:

அதுதான் இப்போது பிரச்சினை. மாமா மஞ்சள் என்கிறார். மாமி ரோஸ் என்கிறார், தான் கடையில் பார்த்து எடுத்ததாம், ஒரு கை போனதால் மிச்சம் இருந்த ஒற்றைக் கையோடு பாத்திரம் கழுவினது இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். நான் கிளம்பும்போதும் சண்டை முடியவில்லை.


நூலகப் பூச்சி:

ரோஸ் அடியுங்கள் தம்பி. இழந்தவருக்குத்தான் நிறம் ஞாபகம் இருக்கும்.


கடைசி பெஞ்ச்:

பானெட்டை ஒட்டச் சொன்ன என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முடிந்ததும் படம் போடுங்கள், மைலோ மூடியோடு.